ஒன்பது சொல்

இருந்தது ஒரே ஒரு இடம், வந்திருந்தது இரண்டு பேர். ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்குத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளில் ஒருவரைத்தான் எடுப்பார்களாம். எழுத்துப் பரீட்சையில் ஜெயந்தினியும் ரமேஸும் சமமாக வந்து தொலைத்ததால், பேச வைத்துப் பார்க்கப் பதுளைக்கு அழைத்திருந்தார்கள். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து எடுக்கப் போ என்று அம்மா சொல்லிவிட்டாள். பூனாகலையில் பஸ் ஏறியதிலிருந்து ஜெயந்தினி ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள்.

பரீட்சை நடத்திய சிவானுஜா மிஸ் நல்லவர்தான். ஆனால் விளக்கம் சொல்லியே ஆளைக் கொன்றுவிட்டார். பேசுவதைக் கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும், மொத்தச் சொல்லில் வேறு வேறு சொல் எத்தனை என்று வகுத்துப் பார்க்கும், சொன்னதையே சொன்னால் புள்ளி இறங்கும் என்றார். சொல்வளத்தை அளக்கிறார்களாம்.

முதலில் ரமேஸ் போனான். பெரகலச் சந்தியில் கடை வைத்திருப்பவன், சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களோடு பேசிப் பழகிய வாய். பத்து நிமிடமும் அடைமழைதான். உள்ளே மிஸ் சிரிப்பது கேட்கக் கேட்க ஜெயந்தினிக்குப் பயம் கூடிக்கொண்டே போனது.

அவள் முறை வந்தது. ஊரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

"ஐ லிவ் இன் பூனாகலை. மவுண்டன். மிஸ்ட். மதர் பிளக்ஸ் லீவ்ஸ்."

அடுத்ததற்கு வாயெடுத்தாள். 'ஐ' வந்தது, சொல்லியாயிற்று. 'மதர்' வந்தது, அதுவும் சொல்லியாயிற்று. படித்ததெல்லாம் எங்கே ஓடி ஒளிந்ததோ, சொன்ன ஒன்பதுமே நாக்கு நுனியில் வந்து வந்து நின்றன. மீதி நேரம் முழுக்க வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தாள்.

அரை மணியில் முடிவு வந்தது. ரமேஸ் பேசியது எண்ணூறு சொல், அதில் வேறு வேறு சொல் இருநூற்று நாற்பது. நூற்றுக்கு முப்பது. ஜெயந்தினி பேசியது ஒன்பது, ஒன்பதும் வேறு வேறு. நூற்றுக்கு நூறு. இடம் அவளுக்குத்தான்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்று பிழைத்தது வாயை மூடிய பிள்ளை. நீளமாகப் பேசினால் யாருக்கும் அதே சொல் திரும்ப வரத்தான் செய்யும், இது என்ன கணக்கு என்று அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. மிஸ்ஸின் அறைக்குள் போனாள்.

"மிஸ், நான் பேசவே இல்லீங்க. பயத்துல வாய மூடிக்கிட்டேன். ரமேஸண்ணனுக்குத்தாங்க குடுக்கணும்."

சிவானுஜா மிஸ் எழுந்து கதவைச் சாத்தினார். இப்படி அளக்கலாம் என்று மேலிடத்தில் சொன்னதே தான்தான் என்றும், பட்டியல் கொழும்புக்குப் போய்விட்டது என்றும் மெதுவாகச் சொன்னார்.

"யார்கிட்டயும் இதச் சொல்லிறாத. என் வேலையும் போயிரும்."

வெளியே ரமேஸ் காத்திருந்தான். முகம் வாடியிருந்தும் சிரித்தான்.

"அப்படி என்னதான் பேசுன, தங்கச்சி? அடுத்த வருசமும் நான் வருவேன். எனக்கும் சொல்லிக் குடு."

சொல்லிவிடு என்றது மனசு. சொன்னால் இடம் போகும், மிஸ்ஸும் போவார்.

"நெறய படிங்கண்ணே," என்றாள்.

அவன் அதை நம்பித் தலையாட்டினான். நிறையப் படித்தால் நிறையப் பேசுவான், நிறையப் பேசினால் மறுபடியும் தோற்பான். பரீட்சை அறையில்கூட வராத பயம் அப்போதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது.