கொம்பு வைத்த எழுத்துகள்

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டென்று நான் எண்ணியதில்லை. மென்பொருளில் பிழை கண்டுபிடித்து அறிக்கை தருவது என் தொழில். அந்த அறிக்கைகளைத் தவிர நான் எழுதிய எதையும் எவரும் படித்ததில்லை. ஆகவே இந்தத் துணிச்சலை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை என் அத்தான் படிக்க நேர்ந்தால் அவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுத்துக்கொள்ள மாட்டார் என்று அறிந்தே கேட்கிறேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். 'சிட்டிகை' என்னும் எழுத்துச் செயலியை உருவாக்கியவர். கணினியில் தட்டச்சு செய்யவும் திருத்தவும் உதவும் மிகச் சிறிய செயலி அது. பெரிய நிறுவனங்களின் செயலிகள் கொழுத்துக் கிடக்கின்றன, எதிலும் குறைவே நிறைவு என்று கருதும் நிரலாளர்கள் சிலர் இணையத்தில் ஒரு மன்றம் வைத்திருக்கிறார்கள். அங்கே அத்தானுக்குப் பெயர் 'கத்தரி'. யார் எந்த வசதியைக் கேட்டாலும், "இது இல்லாட்டி செத்தா போயிடுவீங்க?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார். மன்றத்துக்கு ஒரு சட்டமும் உண்டு. சிட்டிகையில் எத்தனை வரி நிரல் சேர்க்கிறோமோ, அத்தனை வரியை வேறொரு பகுதியிலிருந்து வெட்டியாக வேண்டும்.

அக்கா மொழிபெயர்ப்பாளர். மேகங்களைப் பற்றிய தடித்த நூல் ஒன்றை ஒரு பதிப்பகத்துக்காகத் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். குறித்த தேதிக்குள் பிழையின்றிக் கொடுத்தால் பதிப்பாசிரியர் பணியும் அவளுக்கே என்று மேலாளர் வாக்களித்திருந்தார். சமையலறை மேசையின் ஒரு மூலையில், மிக்சிக்கும் ரொட்டிப் பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் மொழிபெயர்த்தவளுக்கு, தனக்கென்று ஒரு நாற்காலியும் கதவும் உள்ள அறை அந்தப் பணியோடு கிடைக்கவிருந்தது.

அவளுடைய மடிக்கணினி அத்தான் கழித்துக்கட்டியது. அதில் சிட்டிகை ஒன்றைத்தான் அவர் போட்டுக் கொடுத்திருந்தார். சிட்டிகைக்குத் தமிழின் கொம்பு பிடிபடவில்லை. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். 'மேகம்' என்று தட்டினால் திரையில் 'மகேம்' என்று தெரியும். 'பெயர்' என்பது 'பயெர்' ஆகிவிடும். கோப்புக்குள் எழுத்து சரியாகத்தான் இருக்கும், கண்ணுக்குத்தான் கோணல். ஆனால் எல்லாமே கோணலாகத் தெரியும் இடத்தில் மெய்யான பிழை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாதிரிக்கு அனுப்பிய அத்தியாயம் சிவப்பு மை தெறிக்கத் திரும்பி வந்தது.

"வேற ஏதாவது செயலி போட்டுக்கறேனேங்க," என்று அக்கா கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"போட்டுக்கோ. என் பொண்டாட்டியே ஒரு முழுப் புத்தகத்தை சிட்டிகையிலதான் எழுதறான்னு மன்றத்துல சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கு எல்லாரும் காறித் துப்பட்டும். உனக்கு சௌகரியம்தானே முக்கியம்?"

அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

கொம்பைச் சரியான இடத்தில் நிறுத்தும் திருத்தம் ஒன்றை நானே எழுதி, பணிவான மடலோடு மன்றத்தில் வைத்தேன். மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம், இளையவன் கூறுவதைப் பெரிய மனத்தோடு ஏற்க வேண்டும், தங்கள் பொன்னான நேரத்தைக் கோருவதற்கு வருந்துகிறேன் என்றெல்லாம் தொடங்கி எழுதியிருந்தேன். 'பட்டினி' என்ற பெயரில் வருபவர் முதலில் பதில் எழுதினார்.

"மடலே இவ்வளவு தொந்தியோட வருது. நிரல் எப்படி இருக்கும்?"

அடுத்து 'ஒத்தைவரி' என்பவர் என் மடலைப் பொதுவில் வைத்து வெட்டத் தொடங்கினார். வணக்கத்தை எடுத்தார், வருத்தத்தை எடுத்தார், நன்றியை எடுத்தார். முடிவில் 'எழுத்து சரியாகத் தெரியவில்லை' என்பது மட்டும் மிஞ்சியது. கீழே, "இப்ப படிக்க முடியுது. கல்யாணப் பத்திரிகை அடிக்கறவரை எல்லாம் உள்ள விட்டது யாரு?" என்று எழுதினார். சிரிப்புக் குறிகள் குவிந்தன.

கத்தரி கடைசியாக வந்தார்.

"இவர் என் மச்சினன். அதுக்காக சலுகை எல்லாம் கிடையாது. எல்லா மொழிக்காரனும் அவனவன் எழுத்தோட சகிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். உங்க எழுத்துக்கு மட்டும் என்ன, கொம்பா முளைச்சிருக்கு?"

ஆம் ஐயா, முளைத்துத்தான் இருக்கிறது, அதுவே என் விண்ணப்பம் என்று பதில் எழுதினேன். நகைச்சுவையாக எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனால் மன்றம் முழுவதும் சிரித்தது, இம்முறை அவரைப் பார்த்து. வெளியாட்கள்கூட வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். ஒத்தைவரியும் கட்சி மாறி, "கத்தரிக்கே கொம்பு குத்திடுச்சு" என்று எழுதினார்.

அந்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தான் கதவைத் திறந்துவிட்டு, வழி விடாமல் நின்றார்.

"என்ன மச்சான், ஊரைக் கூட்டி சிரிக்க வெச்சாச்சு. திருப்திதானே?"

"அப்படி இல்லீங்க அத்தான், நான் உண்மையிலேயே..."

"பரவாயில்ல விடு. உன் கொம்பு உள்ள வந்தாச்சு. காலையிலதான் சேர்த்தேன். உங்க அக்கா கணினியிலயும் புதுசு போட்டாச்சு."

நான் மகிழ்ந்து போனேன் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சட்டப்படி ஈடாக எதை வெட்டினார் என்பது அன்று என் நினைவுக்கே வரவில்லை. ஒவ்வொரு பதிப்பிலும் என்னென்ன மாறியது என்று மன்றத்தில் இடும் மாற்றக் குறிப்பை மறுநாள் அலுவலகத்தில் படித்தபோதுதான் தெரிந்தது. "மச்சினன் கொம்பு உள்ளே. மீட்பு வெளியே." அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

சிட்டிகையில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தாராளம் இருந்தது. சேமிக்க மறந்தாலும், மறுபடி திறக்கும்போது விட்ட இடத்திலிருந்து எல்லாம் அப்படியே வந்து நிற்கும். அதற்குத்தான் மீட்பு என்று பெயர். அதை நம்பி, மூடும்போது 'சேமிக்கவா?' என்று கேட்கும் கேள்வியை அத்தான் எப்போதோ நீக்கியிருந்தார். அக்கா சேமிக்கும் பொத்தானைத் தொட்டே பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

உடனே அத்தானைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"மீட்பை எடுத்துட்டீங்களே, அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சு."

"ஒரு தடவை நானும் சொல்லிடட்டுமா?"

"என் பொண்டாட்டிகிட்ட நான் பேசறதுக்கு நடுவுல நீ என்ன மொழிபெயர்ப்பாளனா? வேலையைப் பாரு."

நான் வேலையைப் பார்த்தேன்.

அக்கா அந்த நாட்களில் நூலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்கினாள். எழுத்துகள் முதன்முறையாக நேராகத் தெரிந்ததால், கோணலுக்குள் ஒளிந்திருந்த பிழைகள் எல்லாம் அவள் கண்ணில் பட்டன. வாக்கியம் வாக்கியமாகத் திருத்தினாள். சமைக்கும் நேரத்தில் செயலியை மூடாமலே மடிக்கணினியின் மூடியைச் சாத்துவாள், மறுபடி திறந்து தொடர்வாள். கடைசி அத்தியாயமும் முடிந்த பிற்பகலில், மிக்சியைச் செருக இடம் வேண்டி மடிக்கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். பழைய கணினி, மின்கலம் உயிரற்றது. திரை அணைந்தது. மீண்டும் திறந்தபோது, அத்தான் புதியதைப் போடும் முன் சேமித்து வைத்த பழைய பிரதி மட்டும் வந்து நின்றது.

அவள் அழைத்ததும் ஓடினேன். அத்தான் கூடத்தில் தன் கணினியின் முன் இருந்தார்.

"மீட்பை எடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க?" என்றாள் அக்கா.

"சொல்லாம என்ன? மாற்றக் குறிப்புல எழுதியிருக்கேனே, படிக்கலையா?"

"மாற்றக் குறிப்பா? நான் அடுத்த ரூம்லதானே இருந்தேன்!"

"எல்லாருக்கும் ஒரே இடத்துலதான் எழுத முடியும். உனக்குத் தனியா தண்டோரா போடணுமா?"

"அக்காகிட்ட சொல்லியாச்சுன்னு என்கிட்ட சொன்னீங்களே அத்தான்," என்றேன். வாழ்நாளில் அவர் முன் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான்.

"கொம்பு வேணும்னு கேட்டது யாரு? நானா? உன் தம்பி கேட்டான், கொடுத்தேன். சட்டப்படி ஈடு எடுத்தேன். சேமிக்கத் தெரியாதவங்க அழுதா நான் என்ன பண்ண?" அவர் என்னைப் பார்க்காமல் அக்காவிடமே சொன்னார்.

அக்கா சமையலறைக்குப் போனாள், நானும் பின்னால் போனேன். மன்றத்தில் அவளுக்குக் கணக்கு இருந்ததில்லை. அன்று தன் உறவுப் பெயரையே புனைபெயராக வைத்து ஒன்று தொடங்கினாள்: 'கத்தரியின் மனைவி'. பிழை அறிக்கைக்கான பக்கத்தில், "ஒரு நூல் முழுவதற்குமான என் திருத்தங்கள் போய்விட்டன. மீட்பைத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதினாள். எல்லாரையும்போல வரிசையில் நின்று கேட்டாள்.

பட்டினி, "மாற்றக் குறிப்பைப் படிக்கவும், அம்மணி" என்றார். ஒத்தைவரி, "வீட்டுச் சண்டையை வீட்டுலயே வெச்சுக்கலாமே" என்றார். பிறகு கூடத்திலிருந்து விசைப்பலகைச் சத்தம் கேட்டது. ஒரு சில தட்டல்கள்தான். அக்காவின் திரையில் கத்தரியின் பதில் வந்து நின்றது.

"பயனர் பிழை. மூடப்பட்டது."

அவள் மடிக்கணினியின் மூடியைச் சாத்தினாள். பிறகு, "டேய், உங்க வீட்டுல மேசை இருக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

"இருக்குக்கா."

"கதவு?"

"அதுவும் இருக்கு."

ஒரு பையில் அகராதிகளை அடுக்கினாள். கூடத்தைக் கடந்தபோது அத்தான் நிமிர்ந்து, "எங்க போறே?" என்றார்.

"மாற்றக் குறிப்புல எழுதறேன்," என்றாள் அக்கா.

இழந்தவற்றைக் கூறி முடித்துக்கொள்கிறேன். மேகங்களைப் பற்றிய நூலின் திருத்தங்கள் அனைத்தும் போயின. அவற்றை அக்கா என் வீட்டில் மறுபடி செய்து முடிப்பதற்குள் தேதி கடந்தது. பதிப்பாசிரியர் பணி வேறொருவருக்குப் போயிற்று. அந்த அறையும் அதோடு போயிற்று. மன்றத்தில் என் கணக்கை நீக்கிவிட்டார்கள், அக்காவுடையதையும். அத்தான் ஒரு முறை அழைத்தார். அக்கா எடுக்கவில்லை, அதன்பின் அவர் அழைக்கவில்லை. சிட்டிகையின் புதிய பதிப்பு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். முன்னைவிடச் சிறியதாம்.