ஆளுக்கொரு காது

கூப்பிட்ட பக்கம் திரும்பமாட்டான். அதனால் அவனுக்குத் திசைகாட்டி என்று பெயர்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. வண்டியை ஓட்டுவான், மொட்டை மாடி மோட்டார் அறையைப் பார்த்துக்கொள்வான். லிஃப்ட் குழிக்குள் நிற்கும்போது "யோவ்" என்று யாராவது கத்தினால் மேலே பார்ப்பான், பின்னால் பார்ப்பான், கடைசியில்தான் ஆளைப் பார்ப்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

வலது காது சின்ன வயதுக் காய்ச்சலோடு போய்விட்டது. ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும், அது வரும் திசை தெரியாது. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. முதலில் சொல்லத் தோன்றவில்லை. பிறகு சொல்லாமல் விட்ட காலம் நீண்டுபோய், இனி எந்த முகத்தோடு சொல்வது என்றாகிவிட்டது. மனைவிக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் அவன் வலது பக்கம் படுத்துக்கொண்டு ஆசையாக என்னென்னவோ சொன்னாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. மறுநாளே இடம் மாறிப் படுத்துக்கொண்டாள்.

வண்டி ஓட்டுவது அவனுக்குத் தோதாக இருந்தது. வலது காதுக்கு ஜன்னல், இடது காதுக்கு ஆட்கள்.

பாட்டுக்கும் அப்படியே. இயர்போனில் ஒரு பக்கம் அவனுக்குப் போதும். மறுபக்கம் மிச்சம். மிச்சத்தைப் பக்கத்தில் உட்கார்ந்தவர் காதில் செருகிவிடுவான். தாராள மனசுக்காரன் என்று பேர் வந்தது. பாட்டு என்றால் காதுக்குள் கேட்க வேண்டும், ஸ்பீக்கரில் போட்டால் பாட்டு தெருவுக்குப் போய்விடும் என்பான். தனியாகக் கேட்டால் அது பாட்டே இல்லை என்பதும் அவன் கட்சி. பக்கத்தில் ஒருவர் தலையாட்ட வேண்டும். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இவ்வளவும்.

அகப்பட்டவர்கள் இருவர். ஒருவர் அவன் மனைவியின் அண்ணன். அதே கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். வீட்டில் "வாங்க மாப்பிள்ளை" என்பார். வண்டியில் ஏறினால் "யோவ் மாப்ளே". இன்னொருவர் போன் அக்கா. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அவசரப் பொத்தானை அழுத்தினால் அலுவலகத்தில் எடுத்துப் பேசுகிறவர். ஆள் போய்ச் சேரும்வரை பேச்சை விடமாட்டார். மாட்டிக்கொண்டவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதுவரை போய்விடும். சாப்பாட்டு நேரத்தில் வண்டிக்கு வந்து பின்சீட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். திறந்ததும் காதில் வந்து விழும், திசைகாட்டியின் மிச்சம்.

பல குழுக்கள், பல பாட்டுகள். ஆனால் சாமி ஒன்றுதான். ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. அவர்களுடைய ஒரு பாட்டு.

அதில் ஒருவன் கேள்வி கேட்பான்.

*விளக்கை ஏன் நீ அணைக்கவில்லை?*
*வாசலை ஏன் நீ பார்த்திருந்தாய்?*
*தூங்காமல் ஏன் நீ புரண்டிருந்தாய்?*

பிறகு வாயை மூடிக்கொள்வான். மூன்று வரி பாடும் நேரத்துக்கு வெறும் டிரம்ஸ். பதிலே இல்லை. மறுபடி கேட்பான். மறுபடி மௌனம்.

அந்த இடம் வந்தால் திசைகாட்டி விரலைத் தூக்குவான். "இப்போ கேளுங்க. இதுதான்."

மௌனம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொள்வான். "கேட்டுட்டு எப்படி நிக்கிறான் பார்த்தீங்களா? மனுஷன்னா இப்படி நிக்கணும்."

ஆறு வருடமாக அவனும் அப்படி நின்று பழகியிருந்தான். மனைவி ஏதாவது கேட்டால் உடனே பதில் சொல்வதில்லை. அவள் அதைக் காதின் குறை என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டாள்.

மற்ற இருவருக்கும் அந்தப் பாட்டு ஏறவில்லை. "நின்னுபோன லிஃப்ட் மாதிரி இருக்குய்யா உன் பாட்டு. கிளம்பவே மாட்டேங்குது" என்பார் மச்சான். ஒருமுறை, "மெத்தைக் கடை விளம்பரமா இது?" என்று கேட்டுவிட்டார். தூங்கவைக்கிற பாட்டு என்று கிண்டல் செய்வதாக எடுத்துக்கொண்டு திசைகாட்டி அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா இதமானவர். "பாவம் அந்தப் பொண்ணு" என்றார் ஒருநாள்.

"ஆமாக்கா. பாவம்" என்றான் திசைகாட்டி. பாடகன் யாருக்காகப் பாடுகிறானோ அந்தப் பெண்ணைச் சொல்கிறார் என்று நினைத்து நெகிழ்ந்துபோனான்.

அந்தக் குழு ஊருக்கு வருகிறது என்று சுவரொட்டி ஒட்டினார்கள். மூன்று டிக்கெட் வாங்கினான். மனைவி, "உங்க பாட்டைக் கேட்க எங்க அண்ணன் போதும், என்னை விட்டுடுங்க" என்றாள்.

மச்சான் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வர்றோம் மாப்ளே. ஆனா ஒரு பேச்சு. எங்களுக்குப் பிடிச்சா சரி. பிடிக்கலேன்னா அந்த வயரை இனிமே எங்க காதுப் பக்கம் கொண்டுவரக் கூடாது. எந்தப் பாட்டுக்கும்."

"அக்கா, நீங்க?"

அக்கா டப்பாவை மூடினார். "நானும் நிம்மதியாச் சாப்பிட்டு ரொம்ப நாளாச்சுப்பா."

திசைகாட்டி சரி என்றான். வண்டியில் வெறும் வயரைக் காதில் மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தான். மிச்சப் பக்கம் மடியில் கிடந்து ஆடும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனார்கள். அரங்கம் நாலாவது மாடியில். கீழே லிஃப்ட் கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தது. மச்சான் கதவின் மேல் ஒட்டியிருந்த போட்டிக் கம்பெனியின் பேரைப் பார்த்தார்.

"இவனுங்க லிஃப்ட்ல நான் ஏறமாட்டேன்."

"நாலு மாடி, மச்சான்."

"நாப்பது மாடின்னாலும்."

ஏறினார்கள். மூன்றாவது மாடியில் மச்சான் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைத் தாண்டி லிஃப்ட் மேலே போனது. சத்தத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "கதவு உராயுது. கேட்டியா?" மீதி மாடியை ஒரே மூச்சில் ஏறிவிட்டார்.

அரங்கில் நாற்காலி கிடையாது. திசைகாட்டி வழக்கம்போல வலது கோடியைப் பிடித்துக்கொண்டான். விளக்கு அணைந்தது. டிரம்ஸ் விழுந்தது. தரை வழியாக ஏறி, முழங்காலைத் தாண்டி, விலா எலும்பில் தட்டியது. இதற்கு எந்தக் காதும் தேவையில்லை. அதனால்தான் அவனுக்கு மேடைக் கச்சேரி என்றால் உயிர். முன்னால் நின்ற பெண் தோள்பையோடு ஆடினாள். பை மூன்றுமுறை மச்சான் வயிற்றில் இடித்தது. நாலாவது முறை பையின் தாளத்துக்கு மச்சானும் ஆடத் தொடங்கியிருந்தார்.

திசைகாட்டி மேடையைப் பாதியும் அவர்களைப் பாதியுமாகப் பார்த்தான். அக்கா தலை ஆடியது. சாமி இன்னும் வரவில்லை.

ஆறாவது பாட்டாக வந்தது. கிட்டார் தொடங்கியதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. "இதுதான், இதுதான்" என்றான். பாடகன் மைக்கைப் பிடித்தான். விளக்கை ஏன் நீ அணைக்கவில்லை? மூன்று கேள்வியையும் கேட்டான். நிறுத்தினான்.

திசைகாட்டி விரலைத் தூக்கினான்.

கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த பெண் மைக்கை இழுத்துப் பாடினாள்.

*இருட்டென்றால் எனக்குப் பயம்.*
*கூரியர் வருகிற நாள் அன்று.*
*மெத்தை புதிது, பழகவில்லை.*

அரங்கம் சிரித்தது. பாடகன் நெஞ்சில் கை வைத்து இரண்டடி பின்னால் போனான். அதற்கும் சிரித்தது. ஆறு வருடம் திசைகாட்டி துக்கம் காத்த இடத்தில் நானூறு பேர் கைதட்டிச் சிரித்தார்கள்.

தூக்கிய விரல் தூக்கியபடி இருந்தது.

மச்சான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "யோவ் மாப்ளே! கேள்வி கேக்கறானே, இவன் யாருய்யா? எங்கிருந்து வந்தான்?"

"அவன் எப்பவும் இருக்கான். பதில் சொல்றாளே, இவ யாரு?"

"அவதானய்யா பாட்டே! தினமும் மெத்தை மெத்தைன்னு உசுரை எடுப்பாளே!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேடையில் அடுத்த மூன்று கேள்விகள் போயின. அடுத்த மூன்று பதில்கள் வந்தன. அரங்கம் மறுபடி சிரித்தது.

இடைவேளையில் அக்கா இருவரையும் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். பதறியவர்களைப் பேசவைப்பது அவர் தொழில்.

"தம்பி, நீ எந்தக் காதுல மாட்டுவே?"

"இடது."

"எங்களுக்குக் குடுக்கறது வலது. அவனை ஒரு பக்கமும் அவளை ஒரு பக்கமும் வச்சுப் பதிவு பண்ணியிருக்காங்க. நீ கேள்வி மட்டும் கேட்டிருக்கே. நாங்க பதில் மட்டும் கேட்டிருக்கோம். யாரும் ஒண்ணும் கேக்காமலே இந்தப் பொண்ணு இப்படிப் புலம்புதே, பாவம்னு நான் எத்தனை நாள் நினைச்சிருக்கேன் தெரியுமா?"

மச்சானுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டார். "சரி, நாங்கதான் விதியேன்னு ஒரு பக்கம் கேட்டோம். நீ வீட்டுல ரெண்டையும் மாட்டிக் கேட்டிருப்பியே?"

திசைகாட்டி கீழே போகும் படிகளைப் பார்த்தான். மூன்று வரிக்கு மௌனம். ஆனால் இப்போது அந்த மௌனத்தின் மேல் அவனுக்கே நம்பிக்கை போயிருந்தது.

"வலது காது கேக்காது மச்சான். சின்ன வயசுலேர்ந்து."

லிஃப்ட் கதவு உராய்ந்துகொண்டு திறந்து மூடியது.

"என் தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவ எனக்கு ஏன் சொல்லல?"

"நான்தான் வேண்டாம்னேன்."

மச்சான் கணக்குப் போடுவதுபோல் கண்ணைச் சுருக்கினார். "அப்போ உன் வலது பக்கம் நின்னு உன்னைத் திட்டினதெல்லாம்?"

"விழல."

"கல்யாண வீட்டுல, சாப்பாட்டுப் பந்தியில, அரை மணி நேரம் திட்டினேனே?"

"சிரிச்சுக்கிட்டே தலையாட்டினேன்ல? ஏதோ பாராட்டுறீங்கன்னு நினைச்சேன்."

அக்கா முதலில் சிரித்தார். பிறகு மச்சான் கைப்பிடியில் சாய்ந்து சிரித்தார். திசைகாட்டியும் சிரித்தான். ஆனால் அவன் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

"அதில்லக்கா. இவ்வளவு நாள் நீங்க தலையாட்டினீங்க. அந்த மௌனத்துக்குத்தான்னு நினைச்சேன்."

"நான் சாப்பாட்டுக்குத் தலையாட்டியிருப்பேன்ப்பா" என்றார் அக்கா. சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். "ஆனா இன்னிக்கு அவன் கேட்டுட்டு நிறுத்தினான் பாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவ பாட ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரு மூச்சு. அதைத்தானே சொல்றே?"

"அதைத்தான்."

"அது நல்லாத்தான் இருக்கு."

உள்ளே டிரம்ஸ் தொடங்கிவிட்டது. திரும்பிப் போனபோது நெரிசலில் மச்சான் அவன் வலது பக்கம் அகப்பட்டார். உடனே அவனைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து நின்றார். முன்னால் இருந்த தோள்பையும் இடம் மாறி அவரைத் தேடி வந்தது.

கடைசியில் கூட்டம் அந்தப் பாட்டையே மறுபடி கேட்டது. "ஆம்பளைங்க கேள்வி, பொம்பளைங்க பதில்" என்றாள் கீபோர்டுப் பெண். மச்சான் தொண்டை கிழியக் கேட்டார், விளக்கை ஏன் அணைக்கவில்லை என்று. ஏதோ மின்கட்டணம் அவர் தலையில் விழுந்ததுபோல் இருந்தது. திசைகாட்டி தன் பங்கைப் பாடினான். ஒரு சொல்லும் தவறவில்லை. நிறுத்தினார்கள். அந்த ஒரு மூச்சு வந்தது, போனது. அக்கா கைப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "மெத்தை புதிது" என்று அவன் இடது காதுக்கு நேராகப் பாடினார்.

இந்தமுறை அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். பழக்கம்.

வெளியே தெருவிளக்கு வெளிச்சம் இருந்தது. வண்டியில் ஏறினார்கள். திசைகாட்டி சாவியைப் போடவில்லை.

"என்ன மச்சான்? பிடிச்சுதா?"

மச்சான் வயிற்றைத் தடவினார். பை இடித்த இடம். "பிடிக்கலேன்னு சொன்னா என் தங்கச்சி வீட்டுல எனக்குச் சாப்பாடு கிடைக்காது."

"நேராச் சொல்லுங்க."

"பிடிச்சுதுய்யா. அவன் கேக்கறதைத் தனியா ஒரு தடவை கேக்கணும். அந்த வயரை எடு."

"போன்ல ஒரு இடத்துல மாத்தினா ரெண்டு பக்கமும் ஒரே காதுல வரும் தம்பி. என் மகன் காட்டினான்" என்றார் அக்கா பின்சீட்டிலிருந்து.

"நாளைக்குக்கா."

திசைகாட்டி வயரைப் பிரித்தான். ஆறு வருடமாகத் தன் காதில் இருந்ததை மச்சானிடம் கொடுத்தான். மிச்சத்தை எடுத்துத் தன் இடது காதில் செருகினான். பாட்டைப் போட்டான்.

கிட்டார் மட்டும் வந்தது. யாரும் பாடவில்லை. நின்றுபோன லிஃப்ட்தான். மச்சான் சொன்னது சரி. பக்கத்தில் அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒவ்வொரு கேள்வியும் தெரிந்தது. பிறகு அவர் விரல் தானாக மேலே எழுந்தது.

அதே நேரத்தில் அவள் தொடங்கினாள்.

"ரெண்டு பேரும் கேக்கறீங்க. எனக்கு எங்கே?" என்றார் அக்கா. "ஸ்பீக்கர்ல போடுய்யா."

திசைகாட்டி கையை மட்டும் பின்னால் காட்டினான்.

"இருங்கக்கா. இவ பாடி முடிக்கட்டும்."