நத்தைப் பேட்டையில் ஆமை நிறப் போர்வை

பேட்டைகளுக்கு இடையே நடக்கும் குதிரைப் பந்தயத்துக்காகச் சீட்டுக் குலுக்கிக் குதிரைகளைப் பிரித்துக் கொடுத்த அன்று மத்தியானம் ஃபியோரென்சா தன் பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். நான் என் பையை எடுத்துக்கொண்டு ஓட்டலுக்கு வந்தேன். இத்தாலியில் எங்கள் சியேனா நகரில் இதைப் பார்த்து யாரும் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைக்க மாட்டார்கள். அவள் ஆமைப் பேட்டையில் பிறந்தவள். நான் நத்தைப் பேட்டை. அடுத்தடுத்த தெருக்கள், தலைமுறைப் பகை. பந்தயம் முடிகிற வரை அவரவர் தன் பேட்டையில்தான் தூங்க வேண்டும். கல்யாணமான முதல் ஆகஸ்டிலிருந்து எங்களுக்கு அப்படித்தான். மற்ற நாள்களில் கோட்டைச் சுவருக்கு வெளியே, எந்தப் பேட்டையிலும் சேராத ஓர் அடுக்குமாடியில் ஒன்றாக இருக்கிறோம்.

ஆனால் இந்தத் தடவை வீட்டைப் பூட்டுவதற்கு முன் அலமாரியைத் திறந்தபோது அவளுடைய குளிர்கால கோட்டு மாட்டியிருந்த இடம் காலியாக இருந்தது. வெளியே கல்லெல்லாம் கொதிக்கிற வெயில். நாலு நாள் அண்ணன் வீட்டுக்குப் போகிறவளுக்குக் கம்பளிக் கோட்டு எதற்கு?

எதற்கென்று எனக்குத் தெரியும். எங்கள் மகள் இலாரியா வடகிழக்கே த்ரியெஸ்தே நகரில் இருக்கிறாள். வசந்தத்தில் அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அங்கேயே போய் இருந்துவிடலாம் என்று ஃபியோரென்சா அன்றிலிருந்து சொல்லி வருகிறாள். நான் முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ வாயைத் திறக்கறதுக்குள்ள அந்தப் பிள்ளைங்களுக்கே கல்யாணம் ஆயிடும்," என்றாள் ஒருநாள். பிறகு ஜூலை முடிவில், பாத்திரம் துடைத்துக்கொண்டே, "பந்தயம் முடிஞ்சதும் நான் கிளம்பறேன். வர்றதா இருந்தா அதுக்குள்ள சொல்லு," என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஓட்டல் எங்கள் தெருவின் நடுவில் இருக்கிறது. ஏழே அறைகள். ஒரு காலத்தில் மெழுகுவர்த்தி செய்கிறவர்களின் வீடாக இருந்தது. மழை நாளில் மாடிப்படியில் இன்னும் லேசாக மெழுகு வாசனை வரும். என் பெற்றோரின் வீடு கைமாறிய பிறகு ஒவ்வொரு ஆகஸ்டும் இங்கேதான் தங்குகிறேன். நான் பிறந்த தெருவில் காசு கொடுத்துத் தூங்குவதை நண்பர்கள் கிண்டல் செய்யாத வருஷம் கிடையாது.

ஓட்டலை இப்போது நடத்துகிற மிரெல்லா, ஃபெர்ராரா நகரிலிருந்து போன குளிர்காலத்தில்தான் வந்தவள். ஐம்பதை ஒட்டிய வயது, உரத்த குரல். வருஷத்தின் முதல் பந்தயமான ஜூலைப் பந்தயத்தில் எங்கள் நத்தைப் பேட்டைக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால் எங்கள் தெருவின் உண்மையான முகத்தை அவள் அதுவரை பார்க்கவில்லை. இப்போது குதிரை வந்துவிட்டது. அதன் லாயம் ஓட்டலின் பின்சுவரை ஒட்டியது. குதிரை தூங்க வேண்டும் என்று பேட்டைக்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனதும் மிரெல்லா வாசலில் நின்று எல்லா விருந்தாளிகளின் செருப்பையும் கழற்ற வைத்துவிட்டாள். டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி, காலுறையோடு, கையில் ஷூக்களைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போவதுபோல மாடியேறினார்கள்.

"ராஜாவே வந்து தங்கினாலும் இவ்வளவு பண்ண மாட்டேன்," என்று என்னிடம் கிசுகிசுத்தாள். "ஒரு குதிரைக்காக என் குரலையே அடகு வெச்சிருக்கேன், ஓஸ்வால்தோ."

அறைக்குள் வந்ததும் கட்டிலைப் பார்த்தேன். புதுப் போர்வை. ஆழ்ந்த நீலத்தில் பட்டை பட்டையாக மஞ்சள். ஆமைப் பேட்டையின் நிறங்கள்.

தனியாக நின்று சிரித்தேன். வெள்ளைச் சுவருக்கும் கல் தரைக்கும் எடுப்பாக இருக்கும் என்று நினைத்து அவள் வாங்கியிருக்க வேண்டும். நத்தைத் தெருவில், பந்தய வாரத்தில், ஒரு நத்தைக்காரனின் கட்டிலில் அதை விரித்திருக்கிறாள். உடனே கீழே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கெட்டியான சுவர்கள் உள்ள அந்த அறையில் விடியற்காலையில் குளிரும். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன். வீட்டுப் பெட்டியில் ஃபியோரென்சா மடித்து வைக்கும் ஆமைப் பேட்டைக் கழுத்துத் துணியின் அதே நீலம். சுவருக்கு அந்தப் பக்கம் குதிரை கால் மாற்றி வைப்பது கேட்டது.

காலையில் மிரெல்லா முற்றத்தில் காப்பி தந்தாள். எங்கள் ஊர் உப்பில்லாத ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டு முகத்தைச் சுளித்தாள். "உங்க ஊர்ல உப்புக்கு என்ன பஞ்சமா? எத்தனை மாசமானாலும் எனக்கு இது பழகாது." பிறகு எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்தாள். நான் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்காமல் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய உபசாரம் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அவளைப் பார்த்தேன். தன் ஊரை விட்டு, தன் ரொட்டியை விட்டு வந்தவள். தினமும் திட்டிக்கொண்டே அதைத் தின்கிறாள். ஊர் மாறியும் நன்றாகத்தான் வாழ்கிறாள்.

அறைக்குத் திரும்பியதும் என் பையைக் கவனித்தேன். இரண்டு சட்டை, சவரக் கத்தி, மூக்குக்கண்ணாடி, ஒரு புத்தகம். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. வீட்டில் இருக்கிற எதையும் நான் நினைக்கவில்லை, அலமாரியில் அந்தக் காலியான இடத்தைத் தவிர.

பந்தயத்துக்கு முந்தின நாள் காலை, ஒத்திகை ஓட்டம் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஓட்டலின் முன் கூட்டம். எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் ஜன்னலில், வெயிலில் காயட்டும் என்று, அந்தப் போர்வை முழு நீளத்துக்கும் தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரு செஞ்ச வேலை இது?" துச்சோ கத்தினான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். "நம்ம தெருவுல! நம்ம குதிரை தலைக்கு மேல ஆமைக் கொடி!"

"மெதுவாடா, குதிரை மிரண்டிரும்," என்றது ஒரு குரல்.

மிரெல்லா வாசலில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அழுக்காயிடுச்சுன்னு... காத்தாடட்டும்னு போட்டேன். என்ன பண்ணிட்டேன் நான்?"

யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. இந்த ஊரில் ஒருவரைத் தள்ளி வைப்பது அப்படித்தான். அவள் கண் என்னைத் தேடியது.

பொதுவாக நான் கூட்டத்தில் பேசுகிறவன் அல்ல. "துச்சோ," என்றேன், "அது என் போர்வை."

"உன்னுதா? நீ நத்தையாடா?"

"ரெண்டு ராத்திரியா அதைத்தான் போத்திக்கிட்டுத் தூங்கறேன். வந்த அன்னைக்கே பார்த்தேன். இவங்க கிட்ட சொல்லல. இவங்களுக்கு நம்ம கலரும் தெரியாது, அவங்க கலரும் தெரியாது."

"தெரிஞ்சும் போத்திக்கிட்டியா?"

"முப்பது வருஷத்துக்கு மேல ஆமைக்குப் பக்கத்துலதான் படுக்கறேன். பழகிடுச்சு. இல்லாம தூக்கம் வரல."

பின்னால் ஒரு பெண் சிரித்தாள். துச்சோ வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. குதிரைக்காகச் சத்தமில்லாமல் ஒரு தெருவே குலுங்கியது.

"சரி, கட்டில்ல என்ன வேணாலும் வெச்சுக்கோ. ஜன்னல்ல வேண்டாம்," என்றான். பிறகு மிரெல்லாவிடம், "அம்மா, நீங்க சாயந்திரம் நம்ம பந்தியில உட்காரணும். இல்லன்னா எங்களுக்குத்தான் ராசி கெட்டுப் போயிடும்," என்று தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவள் தோளில் போட்டான். அவள் அழுதாள். எதற்கு என்று கேட்டால் உப்பில்லாத ரொட்டிக்கு என்றாள்.

சாயந்திரம் தெரு நெடுக மேசை போட்டு விளக்கேற்றினார்கள். மிரெல்லாவை எனக்கும் துச்சோவுக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். சூப்பு வருவதற்குள் என் சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. பந்தய நாள்களில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஃபியோரென்சாதான். எழுந்து சுவரோரம் போனேன்.

"எங்க கலரைப் போத்திக்கிட்டுத் தூங்கினியாமே?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லல? மீன்காரி சொன்னா, அண்ணன் சொன்னான், பாதிரியாரே சொன்னாரு. எங்க தெருவே சிரிக்குது. எதுக்கு அப்படிப் பண்ணின?"

"குளிரா இருந்துச்சு."

"ஆகஸ்ட்லயா?"

"நீ கம்பளிக் கோட்டை எடுத்துட்டுப் போயிட்ட இல்ல."

அவள் பேசவில்லை. அந்தப் பக்கம் அவர்கள் பந்தியின் முள்கரண்டிச் சத்தம் கேட்டது. ஒரே சத்தம் இரண்டு தெருவிலும். எனக்கு அமைதி பிடிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

"ஃபியோரென்சா, த்ரியெஸ்தேயில குளிர்காலத்துல காத்து ஆளையே தள்ளுமாமே?"

"ஆமா. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடப்பாங்களாம்."

"என் பழைய கோட்டு தாங்காது. புதுசு எடுக்கணும்."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "நாளைக்கு எங்க குதிரை ஜெயிச்சா வாங்கித் தர்றேன்," என்றாள். "உங்களுது ஜெயிச்சா நீயே வாங்கிக்கோ."

மறுநாள் ஆமையும் ஜெயிக்கவில்லை, நத்தையும் ஜெயிக்கவில்லை. எதிரி ஜெயிக்கவில்லை என்று இரண்டு தெருவிலும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

காலையில் குதிரையைச் சொந்தக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போனார். மிரெல்லா எல்லாரையும் மறுபடி செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். டென்மார்க் கிழவர் படியில் இரண்டு தடவை ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் பையோடு இறங்கியபோது அவள் போர்வையை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"இதை இந்தத் தெருவுல இனிமே நான் வெச்சுக்க முடியாது. எடுத்துட்டுப் போங்க."

"மிரெல்லா, உங்களுக்கு நான் எப்படி..."

"பேசாதீங்க. உங்களுக்கு அது வரவும் வராது." கதவைத் திறந்து பிடித்தாள். "அடுத்த ஆகஸ்டுக்கு அந்த ரூம்தானே?"

"அந்த ரூம்தான். த்ரியெஸ்தேயிலிருந்து வருவேன்."

"அப்ப வரும்போது உப்புப் போட்ட ரொட்டி கொண்டு வாங்க."

எங்கள் தெரு ஆமைத் தெருவைத் தொடுகிற மூலையில் ஃபியோரென்சா நின்றிருந்தாள், கையில் பை, அந்த வெயிலில் தோளில் கம்பளிக் கோட்டு. என் அக்குளில் இருந்த நீலத்தையும் மஞ்சளையும் பார்த்தாள். போர்வையின் ஒரு முனையை இழுத்துத் துணி எப்படி என்று விரலால் தேய்த்துப் பார்த்தாள்.