மருதோண்டி போட்ட கை

நிருசாவின் முகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் உப்புவெளியில் யாரும் மிச்சமில்லை. வயிற்றில் எட்டு மாதம். கன்னம் இரண்டிலும் கரும்படை, கழுத்தெல்லாம் கறுப்பு, மேலுதட்டில் பூனைமயிர். மீன்காரர்கூட, "பெடியன்தான், அதுதான் முகம் இப்பிடி" என்று ஆண்பிள்ளைத் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் சூடை மீனை நிறுத்தார். மாமியார் ஞானமணி கடலைமா பூசிப் பார்த்தாள். மச்சாள் பிரியதர்சினி வெள்ளையாக்கும் கிறீம் வாங்கி வந்தாள். நிருசா அதைக் குப்பையில் எறிந்தாள். எறிந்ததற்கும் ஏச்சு விழுந்தது.

முகம் கிடக்கட்டும். அவளைக் கொன்றுகொண்டிருந்தது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வந்த கடி, ஓயாத அரிப்பு. தோலில் ஒரு பரு இல்லை, தடிப்பு இல்லை. சொறிந்து சொறிந்து இரத்தம் கசிந்ததுதான் மிச்சம். சொன்னால் ஞானமணிக்குச் சிரிப்பு.

"பிள்ளைக்கு மயிர் முளைக்குது, அதுதான் கடிக்குது. அனுசன் வயித்திலை இருக்கேக்கை எனக்கும் இப்பிடித்தான்."

"உங்களுக்கு வயிறெல்லோ கடிச்சது மாமி? எனக்கு உள்ளங்கை."

"எல்லாம் ஒண்டுதான்."

புருசன் அனுசன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்மாவுக்குத் தெரியாததோ?" என்றான். பெற்றவளுக்கு எல்லாம் தெரியும் என்றால் வைத்தியர்கள் எதற்கு என்று நிருசா பல்லைக் கடித்தாள்.

வளைகாப்புக்குக் குறித்த நாளும் கிளினிக் நாளும் ஒன்றாய் வந்தன. கிளினிக்கை அடுத்த கிழமை பார்க்கலாம் என்று வீடே முடிவெடுத்தது. ஞானமணியின் காலத்தில் இந்த வீட்டில் வளைகாப்பு என்று ஒன்று நடந்ததே இல்லை. இப்போது படம் எடுத்து முகநூலில் போடவேண்டும். சொறிந்த காயம் படத்தில் தெரியக்கூடாதென்று முதல் நாளே இரண்டு கையிலும் மருதோண்டியை அப்பினார்கள். எரிந்த எரிச்சலில் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோசத்தில் அழுகிறாளாம்.

மறுநாள் அலங்காரக்காரி ஒருத்தி வந்து கரும்படையை மாப்பூச்சால் மூடினாள். பெண்கள் வரிசையாய் வந்து கண்ணாடிக் காப்புகளை ஏற்றினார்கள். கை நிறையக் காப்போடு இருந்தபோதுதான் நிருசாவுக்கு உறைத்தது. விடிந்ததிலிருந்து பிள்ளை துடிக்கவே இல்லை.

"மாமி, பிள்ளை துடிக்கேல்லை."

"நித்திரையா இருக்கும். படம் எடுத்து முடியட்டும்."

நிருசா எழுந்தாள். சந்தனக் கிண்ணம் உருண்டது.

"என்ரை முகத்தை ஊரே பாத்திது. என்ரை கையை ஒருத்தரும் பாக்கேல்லை! நான் ஆசுபத்திரிக்குப் போறன். வாறவை வாங்கோ, இல்லாட்டி இருந்து சாப்பிடுங்கோ."

தெருவுக்கு இறங்கி, பக்கத்து வளவு ஜவ்பரின் ஓட்டோவில் ஏறிவிட்டாள். அனுசன் செருப்பில்லாமல் ஓடிவந்து தொற்றிக்கொண்டான்.

ஆசுபத்திரியில் பெண் டொக்டர் மருதோண்டிக்குக் கீழே இருந்த காயங்களைப் பார்த்தாள்.

"இந்தக் கடி எவ்வளவு நாளா?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசமா என்ன செய்துகொண்டு இருந்தனீங்கள்?"

"பிள்ளைக்கு மயிர் முளைக்குதெண்டு..." அனுசன் தொடங்கினான்.

டொக்டர் கருவியை வயிற்றில் வைத்துத் தேடினாள். இரைச்சல்தான் கேட்டது. பிறகு, டக் டக் டக் என்று பிள்ளையின் நெஞ்சு அடிப்பது கேட்டது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"முகக்கறுப்பு தன்பாட்டிலை குறையும், அதாலை ஒண்டுமில்லை," என்றாள் டொக்டர். "இந்தக் கடி ஈரல் பிரச்சினையாலைபோல கிடக்கு. அப்பிடியெண்டால் பிள்ளைக்கு ஆபத்து. உடனே ரத்தம் பாக்கவேணும். சிலவேளை பிள்ளையை முந்தி எடுக்கவும் வேண்டிவரும்."

தாதி ஊசியோடு வந்தாள். முழங்கை வரை காப்புகள் இறுகிக் கிடந்தன. "இதுகளைக் கழட்டுங்கோ."

அந்த நேரம் பார்த்து ஞானமணி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "ஐயோ மிஸ்ஸி, கழட்டப்படாது! பிள்ளை பிறக்குமட்டும் கையிலை கிடக்கவேணும்!"

நிருசா மாமியாரை ஒருதரம் பார்த்தாள். பிறகு கையைக் கட்டில் கம்பியில் ஓங்கி அடித்தாள். காப்புகள் நொறுங்கித் தரையெல்லாம் சிதறின.

"இப்ப குத்துங்கோ மிஸ்ஸி," என்று கையை நீட்டினாள்.