மோட்டார் ரூமில் ஒரு சொம்பு

"பெட்டி நின்னுபோச்சுண்ணா! வண்டிய எடு!"

கத்திக்கொண்டே பிரவீனா பந்தலைத் தாண்டி ஓடினாள். காலில் செருப்பு இல்லை. வாசல் மண் பாதத்தைச் சுட்டது. சுடுகிறது என்று தெரிந்ததே தவிர, வலிக்கவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து அவளுக்கு எதுவும் வலிக்கவில்லை.

பெரியப்பா மகன் மோகன்குமார் கையிலிருந்த டீயை நாற்காலியில் வைத்துவிட்டு எக்செல் வண்டியை உதைத்தான்.

"ஜெனரேட்டர் கேட்டியாண்ணா?"

"புளியம்பட்டில கல்யாணத்துக்குப் போயிருச்சாம் பாப்பா. டிரான்ஸ்பார்மர் புகைஞ்சுபோச்சு. லைன்மேன் கம்பத்துல ஏறியிருக்கான், எறங்கறப்பத்தான் தெரியும்."

வீட்டு நடுக்கூடத்தில், வாடகைக்கு எடுத்த குளிர்பெட்டிக்குள், அவளுடைய அப்பா திருமூர்த்தி கிடந்தார். கரண்ட் போனதும் பெட்டியின் உறுமல் நின்றது. கண்ணாடியின் உள்பக்கம் படிந்திருந்த பனி கரைந்து, மங்கலாக இருந்த முகம் தெளிவாகத் தெரியத் தொடங்கியது. அதைப் பார்த்ததும்தான் அவள் ஓடினாள். தம்பி மிதுன் சிங்கப்பூரிலிருந்து வந்து கோயம்புத்தூரில் இறங்கிவிட்டான். அவன் வந்து முகம் பார்க்கிற வரைக்கும் பெட்டி ஓடியாக வேண்டும்.

"ஃபேன் கொட்டாய்ல பேட்டரி இருக்குல்லண்ணா?"

மோகன்குமார் திரும்பிப் பார்த்தான். "அட, ஆமா. ஏறு."

வண்டி நகர்வதற்குள் சூலூர் மாமா குறுக்கே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார். அம்மாவின் அண்ணன். நேற்றிலிருந்து எல்லாவற்றையும் அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார். மோகன்குமாரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பிரவீனாவின் காதருகே குனிந்தார்.

"காட்டுக்குப் போறியா அம்மணி? அப்ப ஒரு வேல செய். மோட்டார் ரூம்ல சாக்குக்கு அடியில ஒரு சொம்பு கெடக்குது. எடுத்துக் கெணத்துல வீசிப்போடு."

"என்ன சொம்புங்க மாமா?"

"மச்சானுக்குப் பக்கத்துல கெடந்துச்சு. அடியில வெள்ளையா என்னமோ படிஞ்சிருக்குது. நாந்தான் யாரும் பாக்காம சாக்குக்கடியில தள்ளிப்போட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"டாக்டர் வெயில்னாரு. சரி, வெயிலாவே இருக்கட்டும்" என்றார் மாமா. "ஆனா கெணத்துல தண்ணியில்ல. போர்ல ரெண்டு வருசமாப் புகைதான் வருது. உச்சி வெயில்ல மோட்டார் ரூம்ல ஒரு மனுசனுக்கு என்ன வேல? மிதுன் வந்ததும் இதைத்தான் கேப்பான். ஊரு இப்பவே கேக்குது."

பிரவீனா வண்டியில் ஏறினாள்.

மாமா கேட்ட கேள்விக்குப் பக்கத்திலேயே இன்னொரு கேள்வி அவளிடம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் மதியம் அவள் கோயம்புத்தூரிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்வாள். நேற்றும் செய்தாள்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"ஃபேன் கொட்டாய்லதான் கண்ணு. காத்து நல்லா வருது."

பால் கறக்கும் நேரத்தில் ஆளைக் காணோமே என்று தேடிப்போன மோகன்குமார், மோட்டார் ரூமில்தான் அவரைக் கண்டான். அப்பா அவளிடம் பொய் சொல்லியிருக்கிறார். பொய் சொல்லிவிட்டுப் போய் என்ன செய்தார்?

வண்டி வாய்க்கால் மேட்டைக் கடந்து மேட்டுக்காட்டில் ஏறியது. வாய்க்காலுக்குக் கீழே கோபி வரைக்கும் நெல்லும் வாழையும் பச்சையாக இருக்கும். மேலே இருக்கிறவர்களுக்கு மழையும் போர்வெல்லும்தான். மழை முறை தவறிப் பெய்தது. போர் வற்றியது. ஊர்கள் வறட்சிக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடிக்க வழி செய்கிற தொண்டு நிறுவனம் ஒன்றில் பிரவீனாவுக்கு வேலை. எத்தனையோ ஊர்களில் பேசியதை அப்பாவிடமும் பேசினாள். கரும்பு போய் முருங்கை வந்தது. பண்ணைக் குட்டை வெட்டினார்கள். கூலிக்காரர்கள் விடியும் முன்பே காட்டில் இறங்கி, வெயில் ஏறியதும் வேலையை நிறுத்தி, இறங்கிய பிறகு மறுபடி தொடங்குவது என்று ஆனது. நடுவில் படுத்து எழ ஒரு கொட்டாய் வேண்டுமே? அப்பா தன் காட்டிலேயே இடம் கொடுத்தார். கூரைக்கு வெள்ளைப் பெயின்ட், மேலே சோலார் பலகை, உள்ளே இரண்டு ஃபேன், ஒரு மண்பானை. பலகையில் 'வெப்பத் தணிப்பு மையம்' என்று எழுதியிருந்தது. ஊரில் ஃபேன் கொட்டாய்.

திறப்பு நாளில் எடுத்த போட்டோ அவள் ஆபீஸ் சுவரில் இருக்கிறது. நடுவில் அப்பா. சுற்றிலும் வேலைக்காரப் பெண்கள், எல்லோரும் நின்றுகொண்டு. போட்டோவுக்காக நிற்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

"இங்க நிறுத்துண்ணா."

மோட்டார் ரூம். நாலு சுவர், மேலே தகரம். கதவைத் தள்ளினாள். அடுப்பைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. தரையில் ஒரு சாக்கு விரித்திருந்தது. சுவரில் அப்பா முதுகு சாய்த்த இடத்தில் எண்ணெய்க் கறை. ஒருநாள் சாய்ந்ததில் வருகிற கறை இல்லை அது.

சாக்கைத் தூக்கினாள். எவர்சில்வர் சொம்பு. அவள் வீட்டுச் சொம்பு இல்லை. அடியில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். பூச்சிமருந்து வாடை இல்லை. எந்த வாடையும் இல்லை. நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பயமில்லை. அந்த யோசனையே யாருடையதோ போல இருந்தது.

பின்னால் வந்த மோகன்குமார் சொம்பைப் பார்த்தான். "என்ன பாப்பா அது?"

"ஒண்ணுமில்ல. வா, போலாம்."

கிணறு வழியில்தான் இருந்தது. அவள் வீசவில்லை. சொம்பை மடியில் வைத்தபடி வண்டியில் உட்கார்ந்திருந்தாள்.

ஃபேன் கொட்டாய் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. காலையிலிருந்து எழவு வீட்டுக்கு வெளியே, ரோட்டோரம் நின்றிருந்த காட்டு வேலைப் பெண்கள்தான். பந்தலுக்குள் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. சொந்தபந்தம், ஒறம்பரைக்குப் போட்ட நாற்காலி. வெயில் தாங்காமல் இந்தப் பெண்கள் இங்கே வந்துவிட்டார்கள். தூங்குகிறார்கள். ஃபேன் இரண்டும் சுற்றின. காற்று நன்றாகத்தான் வந்தது.

அவள் நிழல் உள்ளே விழுந்ததும் ஒருத்தி கண் திறந்தாள். அடுத்த நொடி எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சேலையை இழுத்துவிட்டு, தலைக்கு வைத்திருந்த துணியைச் சுருட்டிக்கொண்டு, சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். எல்லோரிலும் மூத்தவளான சின்னாத்தாளின் மருமகள் ரூபினா நிறைமாதம். அவள்கூட சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"ஐயோ, படுங்க, படுங்க. நீ உக்காரு ரூபினா."

"இருக்கட்டுங்க அம்மணி."

யாரும் உட்காரவில்லை.

மோகன்குமார் மூலையிலிருந்த பேட்டரியைக் குனிந்து பார்த்தான். "ரெண்டையும் கழட்டினா பெட்டி ஓடும் பாப்பா. ஃபேன் நின்னுபோகும். ஒரு கை புடி."

பிரவீனா சொம்பைப் பானைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குனிந்தாள். சின்னாத்தாள் சொம்பைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகத்தில் என்னமோ அணைந்தது. மெதுவாக நகர்ந்து வந்து, சொம்பை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பிரவீனா அதைக் கவனித்தாள்.

"சின்னாத்தா, நேத்து அப்பா இங்க வந்தாங்களா?"

சின்னாத்தாள் முந்தானையை இன்னும் இழுத்துப் பிடித்தாள்.

"இல்லீங்க அம்மணி."

"என்னைக்காவது வந்து உக்காருவாங்களா?"

சின்னாத்தாள் தரையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஒருத்திதான் சொன்னாள். "திறந்த புதுசுல வந்தாருங்க. காட்டுக்காரப் பண்ணாடி உக்காந்திருக்க நாங்க எப்புடிங்க காலை நீட்டறது? அவுரும் படுங்க படுங்கன்னுதான் சொன்னாரு. ஒருத்தி மயங்கி உழுந்தா, அப்பவும் நாங்க நின்னுட்டுத்தானுங்க இருந்தோம். அதுக்கப்புறம் அவுரு வாரதில்லீங்க."

"சும்மா இருடி" என்றாள் சின்னாத்தாள்.

"பேட்டரிய எடுத்துட்டுப் போங்க அம்மணி" என்றாள் இன்னொருத்தி. "பண்ணாடிக்குத்தானுங்களே. நாங்க வேப்பமரத்துக்கடியில இருந்துக்குவோம்."

வேப்பமரம் இலை உதிர்ந்து நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். ரூபினா கடைசியாகப் போனாள். வெயிலில் ஒரு கையைக் கண்ணுக்கு மேலே வைத்து, மறு கையை இடுப்பில் ஊன்றி நின்றாள்.

பிரவீனா நிமிர்ந்தாள்.

"கழட்ட வேண்டாண்ணா."

"என்னது? பெட்டி?"

"சத்தியமங்கலம் ஐஸ் பேக்டரிக்குப் போ. பார் வாங்கி அடுக்கிக்கலாம். அந்தக் காலத்துல அப்படித்தான வெச்சிருந்தாங்க?"

"உங்க மாமன் என் தோலை உரிச்சுப் பந்தல்ல தொங்கவிட்டுருவாரு."

"நாஞ் சொன்னேன்னு சொல்லு."

"நீ சொன்னேன்னா உன்ன விட்டுப்போடுவாரு. உரிக்கறது என்னத்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே மோகன்குமார் வண்டியைக் கிளப்பினான். "நீ?"

"நீ போயிட்டு வா. நான் நடந்தே வந்துக்கறேன்."

வண்டிச் சத்தம் மறைந்தது. பிரவீனா கொட்டாய்க்கு வெளியே வந்தாள்.

"உள்ள போங்க எல்லாரும்."

"போறோமுங்க அம்மணி. நீங்க கெளம்புங்க."

"நீங்க போங்க மொதல்ல."

"நீங்க வெயில்ல நிக்கறப்ப நாங்க எப்புடிங்க?"

சிரித்தபடியேதான் சொன்னார்கள். மரியாதையாகச் சொன்னார்கள். அதற்குமேல் பேச ஒன்றும் இருக்கவில்லை. அவள் நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள், அவள் தங்கள் கண்ணிலிருந்து மறைவதற்காகக் காத்துக்கொண்டு.

சுற்றிலும் முருங்கைக் காடு. அதன் நிழல் நிழலே இல்லை. மறைந்து உட்கார அந்த மேட்டில் ஒரே இடம்தான் இருந்தது.

மோட்டார் ரூமுக்குள் போய்ச் சாக்கில் உட்கார்ந்தாள். முதுகு தானாகவே அந்த எண்ணெய்க் கறையில் போய்ப் பொருந்தியது. ஒருக்களித்த கதவின் சந்தில் ஃபேன் கொட்டாயின் வாசல் நேராகத் தெரிந்தது. பெண்கள் உள்ளே போனார்கள். ரூபினாவை ஒருத்தி கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். அவர்கள் எழுந்து மறுபடி வேலைக்கு இறங்கும்போதும் இங்கிருந்து தெரியும்.

போன் அடித்தது. அம்மா ரங்கம்மாள்.

"கரண்டு வந்திருச்சு அம்மணி. பெட்டி ஓடுது. எங்கடி இருக்கற நீ, இந்த வெயில்ல?"

"ஃபேன் கொட்டாய்லம்மா" என்றாள் பிரவீனா. "காத்து நல்லா வருது."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குக் கேட்டது. போனைச் சாக்கின்மேல் கவிழ்த்து வைத்தாள். தகரக் கூரை வெயிலில் டக், டக் என்று முறுக்கிக்கொண்டிருந்தது. வேர்வை முழங்கை வழியாகச் சொட்டியது. தொண்டை வறண்டது. மண்பானை கொட்டாய்க்குள் இருந்தது.

வெளியே காலடிச் சத்தம்.

சின்னாத்தாள் வாசல்படிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு கையாலும் சொம்பை நீட்டினாள். அதே சொம்பு. உள்ளும் வெளியும் தேய்த்துக் கழுவியிருந்தாள்.

"குடிங்க அம்மணி. உப்பும் சக்கரையும் போட்டு நீங்க கலக்கச் சொன்ன தண்ணிதானுங்க."

பிரவீனா வாங்கினாள். சொம்பு குளிர்ந்திருந்தது.

"இது உங்க சொம்பா?"

"ஆமாங்க. டெய்லி இந்நேரத்துக்குப் பண்ணாடிக்குக் கொண்டாந்து குடுப்பேனுங்க. இதுலதான் குடிப்பாரு. மறுநா இந்நேரத்துக்குத்தான் வந்து எடுத்துட்டுப் போய்க் கழுவி, மறுபடி கலக்கிக் கொண்டாருவேன். இங்க உக்காந்திருக்கறத உங்ககிட்டச் சொல்லிப்போடாதேன்னு சொல்லியிருந்தாருங்க."

பிரவீனா குடித்தாள். லேசான உப்பு. லேசான இனிப்பு.

சின்னாத்தாள் கொட்டாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் கால்விரல்களைப் பார்த்தாள்.

"நேத்து காத்து நல்லா வந்துச்சுங்க அம்மணி" என்றாள். "கண்ணசந்துபோட்டேனுங்க. சொம்பெடுக்க வரலீங்க."

பிரவீனா சொம்பைக் கீழே வைத்தாள். சாக்கில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

சின்னாத்தாள் படிக்கு வெளியே, வெயிலிலேயே நின்றாள், காலிச் சொம்புக்குக் கையை நீட்டியபடி.