நீ முதல்ல போ

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. கட்டெறும்பு ஒரு நாள்கூட வகுப்புக்குப் போகவில்லை.

கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மாவைக் கடித்து வைத்ததால் வந்த பெயர் அது. இப்போது மூன்றாம் வகுப்பு. காலையில் தானே எழுந்து சீருடை போட்டு, ரிப்பன்கூட கட்டிக்கொள்வாள். ஷூவுக்குள் கால் நுழையும்போதுதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நடிப்பு என்றும் சொல்ல முடியவில்லை. ஓடிப்போய் நிஜமாகவே வாந்தி எடுத்தாள். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி எட்டிப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காஜா மெஷின். சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடும் வேலை. பெண்ணுக்காக இரண்டு நாள் லீவு போட்டாள், மற்ற நாட்களில் தாமதமாகப் போனாள். "இது லீவா, இல்ல ரிசைன் பண்றதுக்கு ரிகர்சலா?" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்டார். மெஷின்களுக்கு நடுவே சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

அவளுடைய கவலை வேறு. பித்தப்பையில் கல். வலி வந்தால் விலாவுக்குக் கீழே கத்தியைச் சொருகித் திருகுவது போலிருக்கும். பள்ளி திறந்த மூன்றாம் நாள் ஆபரேஷன் என்று இருந்ததை, மகள் இந்த நிலையில் இருக்கிறாளே என்று தள்ளிப்போட்டிருந்தாள். மறுபடி கொடுத்த தேதி நாளைக்கு. இனியும் தள்ளினால் சீழ் பிடித்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முதல் தேதி குறித்தபோதே, பள்ளி திறக்கும் முன்பே, அவள் தங்கைதான் யோசனை சொல்லியிருந்தாள். குழந்தை பள்ளிக்குப் போனதும் சத்தமில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடு, சொன்னால் அழுது ஊரைக் கூட்டுவாள் என்றாள். அம்மாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. கடைசிப் பரீட்சை அன்று அப்பா வெளியூர் வேலைக்குக் கிளம்பியதும் அப்படித்தான். கேள்வித்தாளைக் காட்ட ஓடிவந்த பெண், கொடியில் அவர் சட்டைகள் இல்லாததைத்தான் பார்த்தாள். இரண்டு மாதமாகிறது. போன் வருகிறது, ஆள் வரவில்லை.

அன்று மாலை அலமாரியில் ஆஸ்பத்திரி ஃபைலைக் காணவில்லை. அம்மா வீட்டையே தலைகீழாகப் புரட்டித் தேடினாள். கடைசியில் மகளின் பள்ளிப்பையில், கணக்கு நோட்டுக்கு அடியில் கிடந்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

கட்டெறும்பு பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீயும் சித்தியும் பேசினதைக் கேட்டேன். நான் ஸ்கூலுக்குப் போனதும் நீ போயிடுவியாம். நான் போகலைன்னா நீயும் போக முடியாதில்ல?"

அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பிறகு எதையும் மறைக்காமல் சொன்னாள்: கல், மயக்க மருந்து, மூன்று நாள் படுக்கை, தையல். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வருவியா?"

சத்தியம் செய்ய வாயெடுத்த அம்மா நிறுத்திக்கொண்டாள். அப்பா போனில் செய்யாத சத்தியமா?

"திரும்பி வரதுக்குத்தான்டி போறேன்."

"அப்ப நீ முதல்ல போ. நான் பாத்துட்டு ஸ்கூலுக்குப் போறேன்."

அம்மா வகுப்பு டீச்சரைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். எவ்வளவு தாமதமானாலும் அழைத்து வரச் சொன்னார் டீச்சர். வாசலில் தானே வந்து நிற்பதாகவும் சொன்னார்.

மறுநாள் சீருடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்த கட்டெறும்பு, கட்டில் எண்ணைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். மூன்று முறை திரும்பிப் பார்த்தாள்.

நர்ஸ் வந்து, தியேட்டருக்கு நேரமாகிறது, போனைக் கொடுங்கள் என்றபோது அது அடித்தது. தங்கை. வழியில் ஒரு தடவை வாந்தி எடுத்தாளாம். டீச்சர் முகம் கழுவிவிட்டு அழைத்துப் போனாராம். இப்போது வகுப்பு வாசலில் நிற்கிறாளாம்.

"உள்ள போனாளா?"

"இரு அக்கா, பாத்துட்டுச் சொல்றேன்."

நர்ஸ் கையை நீட்டியபடி நின்றார். போனில் யாரோ வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது.

"உக்காந்துட்டா. கடைசி பெஞ்சு. பையை மட்டும் தோள்லேர்ந்து கழட்டவே மாட்டேங்கிறா."

அம்மா போனை நர்ஸிடம் கொடுத்தாள்.