சைபர் லெவல்

கட்டடம் முடிய இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். யாருக்கு எந்த வீடு என்ற பட்டியல் மட்டும் முடிந்து, நகராட்சிச் சுவரில் ஒட்டப்பட்டுவிட்டது. சம்பங்கி தன் பெயரைக் கண்டுபிடித்தார். அதற்கு நேரே தரைத்தளம் என்றிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தளம் மாறவில்லை.

மாரிகுப்பத்துக்குப் பக்கத்தில் அரசாங்கம் கட்டும் வீடுகள். தரையோடு சேர்த்து நாலு அடுக்கு, மொட்டைமாடியில் சோலார், அடியில் மழைநீர்த் தொட்டி. ஏழைக்கு மலிவு, பூமிக்கும் நல்லது என்றது பலகை. பூமிக்கு நல்லது செய்ய யாராவது கிளம்பினால் சம்பங்கிக்குச் சிரிப்பு வரும். இருபத்திரண்டு வருஷம் தங்கச் சுரங்கத்தில் அதன் வயிற்றைக் குடைந்தவர் அவர்.

அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று: தலைக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. வேலையில் இருந்தவரை தலைக்கு மேல் எட்டாயிரம் அடிப் பாறை. அதன் பிறகு தொழிலாளருக்குக் கட்டிய லைன் வீட்டில், எழுந்தால் இடிக்கும் தகரக் கூரை. கடைசி மாடியில் ஒரு வீடு, அதற்கு மேல் ஆகாயம். நடுவில் வரும் சோலாரை மன்னித்துவிடுவதென்றும் முடிவு செய்திருந்தார்.

விண்ணப்பத்தில் 'லெவல்' என்று ஒரு கட்டம் இருந்தது. நிரப்பிக் கொடுத்த பக்கத்து வீட்டு லதா, "சைபர்லேந்து மூணு வரிக்கும் இருக்குது. எந்த லெவல் தாத்தா வோணும்?" என்றாள்.

சுரங்கத்தில் லெவலை மேலிருந்து எண்ணுவார்கள். எண் ஏற ஏற ஆள் இறங்குவான். சைபர் என்றால், ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்து நின்று, வெளிச்சத்தில் கண் கூசும் இடம்.

"சைபர் போடும்மா. மூணுல எவன் கெடப்பான்?"

சுரங்கத்தில் அவரோடு ஒரே ஷிப்டில் இருந்த இன்னும் மூன்று பேரும் சைபர்தான் கேட்டிருந்தார்கள். மாரிகுப்பத்துப் பெரியவர்களுக்கு முட்டிவலி அதிகம் என்று அலுவலகம் குறிப்பெழுதி, தரைத்தளத்துக்குக் கைப்பிடிக் கம்பியும் போடச் சொன்னது.

அவர் மனைவி பார்வதம்மாவுக்கு நிஜமாகவே முட்டிவலி.

"எனுக்கு முட்டி வலிக்கிறது அவங்களுக்கு எப்பிடிய்யா தெரிஞ்சிது? தங்கமான கவர்மெண்டு!"

"நம்ம மேல மூணு குடும்பம் நடக்கும்மே."

"நடந்தா இன்னா? உன் மார் மேலயா நடக்கறாங்க?"

ஆமாம் என்பதுதான் பதில்.

மூன்றாம் மாடி கிடைத்த பாண்டுரங்கன் மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தார். புருஷன் பெண்சாதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அலுவலகத்தில் தாள் கொடுத்தார்கள். அதை வாங்கி வரும் வழியில் சம்பங்கி ரேஷன் கடையில் பார்வதம்மாவைப் பார்த்தார். அங்கே இரண்டே படி. முதல் படியில் நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவதைப் பற்றி அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு எடுத்து எட்டாக மடித்து வைத்தார்.

அந்த வாரம் கட்டடத்தின் கடைசிக் கூரைக்குக் கான்கிரீட் போட்டார்கள். அது இறுகும்வரை மேலே தண்ணீர் விடும் ஆள் வரவில்லை. என்ஜினியர் விநாயக், பெங்களூர்ப் பையன், போனில் கத்திக்கொண்டிருந்தான். "நான் வுடறேன்" என்றார் சம்பங்கி. கூலி வேண்டாம் என்றதும் விநாயக் அவரைச் சந்தேகமாகப் பார்த்தான்.

காலை ஆறு மணிக்கே மேலே போய்விடுவார். சிமெண்டுக் கரை கட்டிய பாத்திகளில் தண்ணீரை நிறுத்திவிட்டு நடுவில் நிற்பார். சும்மாதான் நிற்பார். மண்மேடுகளுக்கு அந்தப் பக்கம் பெங்களூர் ரயில் போகும்.

எட்டாம் நாள் விநாயக் மேலே வந்தான். "ஏழு தினா சாகு, அஜ்ஜா. கதவு பூட்டணும். இனி யாரும் மேல வரக் கூடாது."

கன்னடத்தில் அஜ்ஜா என்றால் தாத்தா, சாகு என்றால் போதும். சம்பங்கிக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும்.

"சாவறதுக்கு இன்னும் நாள் கெடக்குது தம்பி. சிமெண்டுக்குப் பதினாலு நாள் வோணும்."

விநாயக் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பூட்டைக் கையில் உருட்டியபடி கதவருகே நின்றான்.

ஓரத்தில் ஒரு பாத்தி வற்றிச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. சம்பங்கி குழாயை அதன் பக்கம் திருப்பினார். தண்ணீர் பரவப் பரவ மேகம் ஒன்று அதற்குள் வந்து கரைவரை விரிந்தது. அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனார்.